பத்தாவது ஆள்

சத்திரப்பட்டிக்குப் போனால் முதலில் காதுதான் வேலை செய்யும். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். ராஜபாளையத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம்தான். சமுசிகாபுரம், அயன்கொல்லங்கொண்டான் என்று சுற்றியிருக்கிற ஊர்களிலும் இதே சத்தம். இங்கே நெய்வது வேட்டியோ சேலையோ அல்ல, பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிறார்களே, அது. நீங்கள் கடைசியாக பைக்கிலிருந்து விழுந்து முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டபோது சுற்றிய துணி இந்தப் பக்கத்துத் தறியில் இறங்கியதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அங்கே ஒரு தறி ஷெட்டில் ஒரு அம்மாளைப் பார்த்தேன். ஐம்பது வயசு இருக்கும். வலது கை ஆள்காட்டி விரலில் கட்டு. நாடா தட்டிவிட்டதாம். கட்டியிருந்தது பழைய சேலைக் கிழிசல்.

"ஏம்மா, சுத்தி இத்தனை பேண்டேஜ் துணி இருக்கு, நீங்க சேலையைக் கிழிச்சுக் கட்டியிருக்கீங்களே?"

"அது காடா துணி அண்ணாச்சி. கஞ்சியோட இருக்கு. வெளுத்து, சுத்தம் பண்ணி, டப்பாவுல அடைச்சாத்தான் பேண்டேஜு. இப்ப கட்டினா சீப்பிடிச்சிரும்."

இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. இரண்டு நாள் கூலி இல்லை. இ.எஸ்.ஐ. கார்டு இல்லையா என்று கேட்டேன். என் கேள்வி அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பக்கத்துத் தறிக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அது மில்லுக்காரவுகளுக்குல்லா!"

இந்தப் பக்கத்தில் சினிமா, நாவல், கவிதைத் தொகுதி, டி.வி. சீரியல் எல்லாவற்றையும் விமர்சித்தாகிவிட்டது. இந்த வாரம் ஒரு சட்டம். மொத்தம் 164 பிரிவுகள், 7 அட்டவணைகள். பெயர் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020. 1948-ம் வருடத்து இ.எஸ்.ஐ. சட்டம் உட்பட ஒன்பது பழைய சட்டங்களை ரத்து செய்துவிட்டு, அவற்றின் இடத்தில் உட்கார வந்த சட்டம் இது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 26-ம் தேதி, மத்திய தொழிற்சங்கங்கள் கூட்டாக நாடு முழுக்கப் போராட்டம் நடத்தின. பாரதிய மஸ்தூர் சங்கம் வரவேற்றது. "பழைய சட்டத்தைக் கொன்றுவிட்டார்கள்" என்று ஒரு பக்கம். "நாற்பது கோடித் தொழிலாளிக்கும் பாதுகாப்பு வந்துவிட்டது" என்கிற மாதிரி இன்னொரு பக்கம். இரண்டு தரப்பு அறிக்கைகளையும் படித்தேன். சட்டத்தைப் படித்துவிட்டு எழுதிய மாதிரி இரண்டுமே தெரியவில்லை. அதனால் நானே படித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். (பரிந்துரைக்க மாட்டேன். தூக்கம் வராதவர்கள் முயற்சி செய்யலாம்.)

முதலில் போனது எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம்.

இ.எஸ்.ஐ. என்றதும் நமக்கு ஞாபகம் வருவது நீள வரிசையும் ஒரே கலர் மாத்திரையும்தான். ஆனால் அந்தச் சட்டம் பிறந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பேராசிரியர் பி.பி. அடார்க்கர் என்பவரிடம் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நோய்க்காலக் காப்பீடு வகுத்துத் தரும்படி கேட்டார்கள். 1944-ல் அறிக்கை கொடுத்தார். சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1948 ஏப்ரலில் சட்டமாகிவிட்டது. பிரிவினை ரத்தம் காயாத, கஜானாவில் காசில்லாத ஒரு தேசம், 'காய்ச்சலில் படுக்கிற தொழிலாளிக்குக் கூலி உண்டு' என்று எழுதி வைத்தது. 1952 பிப்ரவரி 24-ம் தேதி கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். அன்றைக்குச் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் யார் தெரியுமா? ராஜபாளையத்துக்காரர், பி.எஸ். குமாரசாமி ராஜா. 1936-லேயே ஸ்பின்னிங் மில் வந்துவிட்ட ஊர் அது. ஆனாலும் தமிழ்நாட்டுக்குள் இ.எஸ்.ஐ. வர மேலும் மூன்று வருஷம் ஆயிற்று. 1955-ல் முதலில் கோயம்புத்தூரில்தான் வந்தது.

கணக்கு சுலபமானது. பதினைந்தாயிரம் சம்பளம் வாங்குகிற மில் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதப்படி அவர் கையிலிருந்து முக்கால் சதவீதம், அதாவது 112 ரூபாய் 50 காசு. முதலாளி மூணேகால் சதவீதம், 487 ரூபாய் 50 காசு. மொத்தம் மாதம் 600 ரூபாய். இதற்குக் குடும்பத்துக்கே வைத்தியம். வைத்தியத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், காய்ச்சலில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். காசநோய், புற்றுநோய் மாதிரியான நீண்ட வியாதி என்றால் 80 சதவீதம். இரண்டு வருஷம் வரைகூட நீட்டலாம். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் அடிபட்டுக் கிடந்தால் 90 சதவீதம்.

"வைத்தியம்தான் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் இலவசமாச்சே, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேறு இருக்கே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. காப்பீட்டை ரத்து செய்து மாற்றுவது நமக்கும் பழக்கமான சமாச்சாரம்தான். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். தனியார் கம்பெனி மூலம். 2011-ல் ஆட்சி மாறியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். பொதுத்துறைக் கம்பெனி மூலம். 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்து, குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் என்று ஆனது. பெயர் மாறியது, அட்டையில் படம் மாறியது, திட்டம் செத்துப்போகவில்லை. கட்சிக்காரர்கள் படத்துக்குச் சண்டை போட்டார்கள், நோயாளி பிழைத்துக்கொண்டார். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சபாஷ் போடலாம்.

ஆனால் அந்த ஐந்து லட்சம் யாருக்குப் போகிறது? ஆஸ்பத்திரிக்கு. இதய ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிற அட்டை, ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருக்கிற இரண்டு மாசத்துக்கு அரிசிக்குக் கொடுக்காது. சத்திரப்பட்டி அம்மாவின் விரலுக்கு அந்த அட்டையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு நாள் கூலி. தினக்கூலி ஐநூறு என்றால், நோய்க்கால விகிதத்தில் நாளைக்கு 350 ரூபாய். இந்தியாவில் அந்த 350 ரூபாயை, கருணையாக இல்லாமல் உரிமையாகக் கொடுத்த சட்டம் இ.எஸ்.ஐ. சட்டம். கொடுக்கவில்லை என்றால் கேஸ் போட்டு வாங்கலாம். அதனால்தான் அதை ரத்து செய்கிறார்கள் என்றதும் எனக்குக் கொஞ்சம் பதறியது.

இனி புதியது.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய சட்டம் நாடு முழுக்க ஒரே நாளில் வரவில்லை. இந்த ஏரியா, அந்த ஏரியா என்று அறிவிக்கை போட்டுப் போட்டு நகர்ந்தது. புதியதில் அந்த ஏரியா பாகுபாடு போய்விட்டது. ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால் ஒரே ஒரு ஆள் வேலை செய்கிற இடத்துக்கும் இ.எஸ்.ஐ. வரும். பட்டாசு விருதுநகர் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. இரண்டையும் மனசாரப் பாராட்டுகிறேன்.

அப்புறம் முதல் அட்டவணையைப் பார்த்தேன். யாருக்கெல்லாம் இ.எஸ்.ஐ. என்று அங்கேதான் இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனம்.

பத்து. பழைய சட்டத்தின் கடைசி வடிவத்திலும் இதே பத்துதான். முன்பு இப்படி ஒரு வரம்பு வைக்கக் காரணம் இருந்தது. தொழிற்சாலை என்றால் புகைபோக்கி, சங்கு, ஷிஃப்ட், கேட்டில் வாட்ச்மேன் என்று இருந்த காலம். ஆளைக் கணக்கெடுக்க, பணம் பிடிக்க, ரிஜிஸ்டர் வைக்க ஒரு குமாஸ்தா வேண்டும். ஆள் குறைவாக இருந்தால் குமாஸ்தா இருக்கமாட்டார். இன்றைக்கு ராஜபாளையம் டீக்கடையில் பத்து ரூபாய் டீக்கு செல்போனைக் காட்டிக் காசு கொடுக்கிறோம். ஒன்பது பேர் சம்பளத்தில் மாசாமாசம் நாலு சதவீதம் பிடித்துக் கட்டுவது நிர்வாக ரீதியாகக் கஷ்டம் என்று இனியும் எப்படிச் சொல்வது?

விசைத்தறி எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இந்தப் பத்தின் கூத்து புரியும். நூல் ஒருவருடையது. தறி இன்னொருவருடையது. ஓட்டுகிறவர் மூன்றாவது ஆள். ஓட்டுகிற ஒருவரே நாலைந்து தறியைப் பார்த்துக்கொள்வார். ஆக இருபது தறி இருக்கிற ஷெட்டிலும் பத்து ஆள் தேறாது. வெளுப்பது ஒரு இடம், வெட்டிப் பொட்டலம் போடுவது ஒரு இடம். துணி ஒன்றுதான், ஆனால் அது கடந்து வருகிற எந்தக் கூரைக்குக் கீழேயும் பத்துப் பேர் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. இதில் முதலாளியின் சூழ்ச்சி என்று எதுவும் இல்லாமலேகூட ஆள் எண்ணிக்கை ஒன்பதில் நிற்கும். சூழ்ச்சியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

'ஒன்பது பேர் இருந்தாலும் விருப்பப்பட்டால் சேரலாம்' என்று புதிய சட்டத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. உண்மை. முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளிகளும் சம்மதித்து மனுப் போட்டால் சேர்த்துக்கொள்வார்கள். அப்படிச் சேர்ந்தவர் அதே மாதிரி சம்மதம் வாங்கி வெளியேறவும் மனுப் போடலாம். சத்திரப்பட்டி ஷெட்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. தறிக்கு ஆயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "பக்கத்து ஷெட்டுக்காரரும் சேர்ந்தா நானும் சேர்வேன் அண்ணாச்சி. நான் மட்டும் சேர்ந்தா மீட்டருக்கு என் ரேட்டு ஏறும், நூலு பக்கத்து ஷெட்டுக்குப் போயிரும்." பொருளாதாரப் புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதுகிற விஷயத்தை ஆயில் கேன் காலியாவதற்குள் முடித்துவிட்டார். எல்லோருக்கும் கட்டாயம் என்றால்தான் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்காகத்தானே சட்டம் என்று ஒன்று போடுகிறோம்?

அடுத்து நான் சிரித்த இடம். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்த இடமும் அதுதான். பத்துப் பேருக்கு மேல் இருந்தாலும் 'பருவகாலத் தொழிற்சாலை'க்கு இ.எஸ்.ஐ. கிடையாது என்று பழைய சட்டம் சொன்னது. புதியதும் சொல்கிறது. எவையெல்லாம் பருவகாலத் தொழிற்சாலை? பருத்தி அரைத்து விதை நீக்குகிற ஜின்னிங், பருத்தி-சணல் அழுத்துதல், நிலக்கடலை உடைத்தல், காப்பி, அவுரிச் சாயம், அரக்கு, ரப்பர், வெல்லம் உட்பட சர்க்கரை, தேயிலை. அவுரி! வெள்ளைக்காரன் காலத்து சம்பாரணில் காந்தி போராடிய அதே அவுரி. இருபத்தோராம் நூற்றாண்டின் சட்டம் என்று விளம்பரப்படுத்திய ஒன்றில், பழைய பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அவுரி எப்படியோ போகட்டும். ஜின்னிங்தான் உறுத்துகிறது. ராஜபாளையம் பருத்தியால் வளர்ந்த ஊர். இதே சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், வேலையால் வரும் வியாதிகள் பட்டியலில், பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயைப் போட்டிருக்கிறார்கள். அதாவது பஞ்சுத் தூசி நெஞ்சை அரிக்கும் என்று சட்டத்துக்குத் தெரியும். ஆனால் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிப்பதை மட்டுமே செய்கிற ஆலைக்கு இ.எஸ்.ஐ. இல்லை என்றும் அதுவே சொல்கிறது. நஷ்ட ஈடு கேட்க இன்னொரு அத்தியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது முதலாளிக்கு எதிராக மனுப் போட்டு, வியாதி வேலையால்தான் வந்தது என்று காட்டி, காத்திருந்து வாங்குவது. இருமிக்கொண்டே அலைய வேண்டும். அதே தூசியில் ஸ்பின்னிங் மில்லுக்குள் நிற்பவருக்கு மருத்துவமும் கூலியும். ஜின்னிங்கில் நிற்பவருக்கு மனு. ஒரே பருத்தி, ஒரே தூசி.

சரி, வெளியே நிற்கிற பெருங்கூட்டத்துக்கு என்ன வைத்திருக்கிறார்கள்? அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மருத்துவம், மகப்பேறு, முதுமைக்கால உதவி பற்றி மத்திய அரசு 'அவ்வப்போது' திட்டங்கள் வகுக்க வேண்டும் என்று 109-வது பிரிவு சொல்கிறது. எவ்வளவு, எப்போதிலிருந்து, கொடுக்காவிட்டால் யாரைக் கேட்பது என்று சொல்லவில்லை. 2008-ல் மன்மோகன் சிங் அரசு கொண்டுவந்த அமைப்புசாராத் தொழிலாளர் சட்டத்திலும் ஏறக்குறைய இதே வாசகம்தான் இருந்தது. அப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்கள் ஆளுங்கட்சியாகி அதை ரத்து செய்துவிட்டு, அதே வாசகத்தைத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். 45-வது பிரிவில், இ.எஸ்.ஐ. பலன்களை இவர்களுக்கும் கொடுக்க அரசு திட்டம் 'வகுக்கலாம்' என்று இருக்கிறது. வகுக்கலாம். வகுக்காமலும் இருக்கலாம். பத்தாவது ஆளுக்கு 'வேண்டும்', ஒன்பதாவது ஆளுக்கு 'லாம்'.

மேலே இருக்கிறவர்களுக்கும் ஒரு கதவு உண்டு. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கினால் இ.எஸ்.ஐ. கிடையாது. இந்த வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றும் அதே 21,000தான். நடுவில் விலைவாசி என்ன ஆனது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் வருகிற ஒரு மில் தொழிலாளி சொன்னார்: "சம்பளம் ஏறப்போகுதுன்னா வீட்டுக்காரி சந்தோஷப்படணும் சார். அவ கணக்குப் போட்டுப் பார்த்து, 'ஐயோ, இ.எஸ்.ஐ. போயிருமே'ங்கிறா." அவர் மனைவிக்கு சர்க்கரை வியாதி, மாசாமாசம் மருந்து டிஸ்பென்சரியில் வாங்குகிறார்கள். சம்பள உயர்வைப் பார்த்துப் பயப்படுகிற குடும்பத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

இதையெல்லாம் பார்லிமெண்ட்டில் யாரும் கேட்கவில்லையா என்பீர்கள். நிலைக்குழு ஆராய்ந்தது, 2020 ஜூலையில் அறிக்கையும் கொடுத்தது. ஆனால் மசோதா ராஜ்யசபாவுக்கு வந்த 2020 செப்டம்பர் 23-ம் தேதி எதிர்க்கட்சி இருக்கைகள் காலி. விவசாயச் சட்டங்கள் விவகாரத்தில் சில எம்.பி.க்களை சஸ்பெண்ட் செய்ததற்காகப் புறக்கணிப்பு. குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிட்டது. லோக்சபாவில் அதற்கு முந்தின நாள். கொரோனா காலம் வேறு. தமிழ்நாட்டிலிருந்து போன எதிர்க்கட்சிக்காரர்களும் அன்று வெளியேதான் இருந்தார்கள். கோபத்தில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஜின்னிங்கைப் பற்றி, பத்தாவது ஆளைப் பற்றி ஒரு திருத்தமாவது கொடுத்துத் தோற்றிருந்தால் அவைக்குறிப்பில் ஏறியிருக்கும்.

அமெரிக்காவில் 2017-ல் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்யப் பார்த்தார்கள். ஜூலை 28 விடிகாலை ஒன்றரை மணிவாக்கில் செனட்டில் ஓட்டெடுப்பு. மூளையில் புற்றுநோய் என்று சில நாள் முன்புதான் தெரிந்திருந்த ஜான் மெக்கெய்ன், ஆபரேஷன் தழும்போடு வந்து, தன் கட்சிக்கு எதிராகக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49-51. மசோதா விழுந்தது. அந்த ஊர் வைத்தியச் செலவைப் பார்த்தால் நமக்கு அவர்கள் முன்மாதிரி ஒன்றும் இல்லை. ஆனாலும் ரத்து செய்வதா வேண்டாமா என்று ஒரு தேசமே மாதக்கணக்கில் சண்டை போட்டது. எது போகும், எது வரும், யாருக்கு எவ்வளவு என்று டீக்கடை வரை பேசினார்கள். நம் ஊரில் எழுபது வருஷத்துக்கு மேல் இருந்த சட்டம் போனது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நான் விசாரித்த ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

'பழைய சட்டத்தைத் திரும்பக் கொடு' என்கிற தொழிற்சங்கக் கோஷத்தில் எனக்கு ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பக் கொடுத்தாலும் சத்திரப்பட்டி அம்மா வெளியேதான் நிற்பார். உள்ளே இருந்த எழுபது வருஷத்தில் சங்கங்கள் அந்த வரம்பை ஒன்றாக்கப் போராடியதைவிட, போனஸுக்குப் போராடியதுதான் அதிகம். ரத்து செய்ததைக் கண்டிக்கலாம். ரத்து செய்கிற சிரமம் எல்லாம் எடுத்துக்கொண்டு, இருந்த ஓட்டையை அளவு மாறாமல் தைத்து எடுத்து வைத்ததைத்தான் நான் அதிகம் கண்டிப்பேன். முரண்படாத பழைய விதிகள் ஒரு வருஷம் வரை ஓடலாம் என்று 164-வது பிரிவே சொல்கிறது. விதி எழுதுகிற மேஜையும், திட்டம் வகுக்க'லாம்' என்கிற அதிகாரமும் அரசு கையில்தான். விசைத்தறியை, ஜின்னிங்கை, பட்டாசை ஒரு அறிவிக்கையில் உள்ளே கொண்டுவர அந்த 'லாம்' போதும். நூல் கொடுக்கிறவரிடமே மீட்டருக்கு இத்தனை பைசா என்று பிடித்தால், பக்கத்து ஷெட் பயமும் இருக்காது.

திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். பால்கோவா வாங்காமல் போனால் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். கடைக்குப் பின்னால் அடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. முந்திரி விறகுப் புகை. கிண்டுகிறவர் தோள் வரை வியர்வை. என்னையறியாமல் ஆட்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். கிண்டுகிறவர்கள் இரண்டு, பால் ஊற்றுகிறவர் ஒன்று, பொட்டலம் கட்டும் பெண்கள் மூன்று, கல்லாவில் ஒருவர். ஏழு.

"என்ன அண்ணாச்சி, எதை எண்ணுறீக?" என்றார் கல்லாக்காரர்.

"ஒண்ணுமில்ல. அரைக் கிலோ போடுங்க."